தூரிகையும் தராசும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

ஒலிபெருக்கியின் காகிதக் கூம்புக்குப் பூச்சுப் பூசுவதைப் பற்றி ஆண்டு மலருக்குக் கட்டுரை தரப்போகிறேன் என்றதும் வகுப்புத் தோழர் ஒருவர், "வீட்டுக்கு வெள்ளையடிப்பதைப் பற்றி எழுதினாலும் நாலு பேருக்குப் பயன்படுமே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். இந்தக் கல்லூரியில் சேர்ந்து ஓராண்டு வரை என் தந்தையார் என்ன தொழில் செய்கிறார் என்று கேட்டவர்களுக்கெல்லாம் "எலெக்ட்ரானிக்ஸ்" என்று மட்டும் சொல்லி வந்தவன் நான். அந்தச் சொல்லுக்குள் ஒளிந்திருந்தது, புதுக்கோட்டைச் சீமையில் ஒரு கடைத்தெருவில் பத்தடிக்குப் பத்தடி அறையொன்றில் கிழிந்த ஒலிபெருக்கிகளுக்குக் கோன் மாற்றும் வேலை. எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான்தான். அந்தப் படியைக் கட்டியது ஒட்டுப்பசை வாடை வீசும் அந்த அறை என்பதைச் சொல்ல எனக்கு ஏன் நா எழவில்லை என்று இப்போது எண்ணிப் பார்க்கிறேன்.

கட்டுரைக்கு வருவோம். ஒலிபெருக்கி என்றால் கோயில் கோபுரத்தில் கட்டும் குழாயும் நினைவுக்கு வரும். குழாய்க்குள் காகிதக் கோன் கிடையாது. பிசின் ஏற்றிக் கெட்டியாக்கிய சிறிய துணித் தகடு ஒன்றே அங்கு அதிர்கிறது. நான் பேசுவது பெட்டிக்குள் இருக்கும் கூம்பு ஒலிபெருக்கியைப் பற்றி. காந்தத்தின் குறுகிய இடைவெளியில் ஒரு கம்பிச்சுருள். அதைப் பிடித்திருக்கும் காகிதக் கூம்பு. கூம்பின் வெளி விளிம்பைச் சட்டத்தோடு இணைக்கும் மெல்லிய வளையம். கழுத்தை நடுவில் நிறுத்தும் மடிப்புத் துணி. இந்த அமைப்பை அமெரிக்காவில் செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் என்னும் இரு பொறியாளர்கள் 1925இல் தங்கள் கட்டுரையில் விளக்கினார்கள். நூறாண்டு ஆகியும் அடிப்படை மாறவில்லை. மைக் செட்டுக்காரரின் பெட்டியிலும் அதுதான், செல்வந்தர் வீட்டு வரவேற்பறையிலும் அதுதான்.

தாழ்ந்த சுரங்களுக்குக் கூம்பு முழுவதும் ஒரே துண்டாக முன்னும் பின்னும் போய்வருகிறது. அதிர்வெண் ஏற ஏற, கழுத்தில் புறப்படும் அலை விளிம்பை அடைவதற்குள் கழுத்து திசை மாறிவிடுகிறது. அப்போது கூம்பின் ஒரு பகுதி முன்னே போக, மறுபகுதி பின்னே போகும். கிளாட்னி 1787இல் வெளியிட்ட நூலில் தகட்டின்மேல் மணல் தூவிக் காட்டிய கணுக்கோடுகளை முதலாண்டில் நமக்குக் கரும்பலகையில் வரைந்து காட்டினார்கள். அன்று மாலை நான் நேரே கடைக்குப் போய் ஒரு கோனை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அந்தக் கோடுகள் இதிலும்தானே இருக்கவேண்டும்! விளிம்பைத் தொட்ட அலை திரும்பி வந்து, வருகின்ற அலையோடு மோதுவதால் சில சுரங்கள் கூவும், சில சுரங்கள் அமுங்கும். கூம்பின்மேல் எதையேனும் பூசினால் மூன்று காரியங்கள் ஒருங்கே நடக்கின்றன: எடை கூடும், விறைப்பு மாறும், அதிர்வைத் தணிக்கும் குணம் மாறும். பூச்சினால் ஓசை மாறுமா என்று கேட்பவருக்கு என் விடை, மாறாமல் இருக்க வழியே இல்லை என்பதுதான். எவ்வளவு மாறும், நம் செவிக்கு அது எட்டுமா, நன்மையாக மாறுமா என்பவை வேறு கேள்விகள்.

அப்பா பூச்சு வேலை செய்வது இரண்டே காரணங்களுக்காக. மார்கழியில் விடியற்காலைப் பனியில் பெட்டிகள் வெளியே கிடக்கும். காகிதம் ஈரத்தைக் குடித்துச் சொதசொதத்துவிடும். அப்படிப்பட்ட கோன்களுக்குப் ஃபெவிகாலைத் தண்ணீரில் கரைத்து ஒரு கை மெல்லியதாகத் தடவுவார். இரண்டாவது காரணம், வெளுத்த கோனைக் கறுப்பாக்குவது. புதுசு மாதிரி இருந்தால்தான் வாடிக்கையாளர் காசு கொடுக்க மனம் வைப்பார். இதற்கு மேல் அவர் எதுவும் பூசமாட்டார். "ஓரத்துல போடு, நடுவுல போடாத" என்பது மட்டும் அவர் வாயில் எப்போதும் வரும் வாக்கியம். ஏன் என்று கேட்டால், "எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் அப்படித்தான் சொன்னார்" என்பார். கம்பிச்சுருளை நடுவில் நிறுத்த அவர் பயன்படுத்துவது பழைய எக்ஸ்ரே படத்தைச் சீவி வெட்டிய பட்டைகள். எந்தக் காந்தத்துக்கு எத்தனை பட்டை என்பது அவர் விரலுக்குத் தெரியும், வாய்க்குத் தெரியாது.

இனி என் குற்றத்தைச் சொல்லவேண்டும். முதலாண்டு விடுமுறையில், அமெரிக்காவில் ஒருவர் வகுத்த 'எனேபிள்' என்னும் முறையைப் பற்றிப் படித்தேன். கூம்பின் விளிம்புகளையொட்டி வட்ட வரிசைகளில், ஒன்றுவிட்டு ஒன்றாகச் சின்னஞ்சிறு கட்டங்களை மைக்கோல் முனையால் வர்ணத்தில் இடுவது அம்முறை. இட்டால் ஓசை தெளியும் என்பது அவர்கள் கூற்று. படத்தில் பார்க்க நெல்மணி கோத்த மாலை போல அழகாயிருந்தது. அப்போது கடையில் பக்கத்து ஊர்ப் பந்தல்காரரின் பன்னிரண்டு அங்குல ஒலிபெருக்கிகள் இரண்டு, கம்பி மட்டும் பற்றவைத்து முடித்து, எடுத்துப்போக ஆள் வராமல் கிடந்தன. அப்பா ஊரில் இல்லை. எனக்கு அக்ரிலிக் வர்ணம் கிடைக்கவில்லை. மரத்துக்கு அடிக்கும் லாக்கரில் தின்னர் கலந்து, கட்டங்கள் இட்டதோடு நில்லாமல், 'மேலும் நன்றாயிருக்கட்டும்' என்று கழுத்துவரை இரண்டு கை பூசியும் வைத்தேன். தின்னர் வழிந்து கழுத்துக்குள் இறங்கிச் சுருளை ஒட்டியிருந்த பசையை இளக்கிவிட்டது. மறுநாள் போட்டுப் பார்த்தபோது பாட்டோடு சேர்ந்து சரசரவென்று உரசல் சத்தம். இரண்டிலும் அப்படித்தான்.

அப்பா திட்டவில்லை. இரண்டையும் பிரித்து, புதுக் கோனும் காயிலும் வாங்கிப் போட்டு, பந்தல்காரரிடம் கூலியும் வாங்காமல் கொடுத்தனுப்பினார். மூவாயிரத்துக்கு மேல் ஆயிற்று. அது என் விடுதி உணவுக் கட்டணத்துக்கென்று அம்மா எடுத்து வைத்திருந்த பணம். அந்தப் பருவத்தில் முதல் இரண்டு மாதம் நான் நாள்தோறும் பேருந்தில் கல்லூரிக்கு வந்துபோனது ஏன் என்று கேட்ட நண்பர்களுக்கு இதுவே பதில்.

அந்தப் பேருந்துப் பயணங்களில்தான் எனக்கு ஒன்று உறைத்தது. நான் செய்த பிழை வர்ணம் பூசியதா? எத்தனை கிராம் பூசினேன் என்று அன்று என்னைக் கேட்டிருந்தால் விடை சொல்லத் தெரியாது. பூசுவதற்கு முன் அந்த ஒலிபெருக்கி எப்படி ஒலித்தது என்பதற்கும் என்னிடம் எண் எதுவும் இல்லை. ஓராண்டு இயற்பியல் படித்தவன், சுரமானியில் இழுவிசையைக் கிராம் கணக்கில் ஏற்றி இறக்கியவன், சொந்தக் கடையில் கால் வைத்ததும் அளவுகோலை வாசலில் விட்டுவிட்டான்!

இதில் நான் தனி ஆள் அல்லன் என்பது வேறு விஷயம். கூம்புக்கு விலையுயர்ந்த வார்னிஷ் விற்பவர்களும், "காது இருந்தால் தெரியும்" என்று சொல்லி வாங்குபவர்களும் எடை பார்ப்பதில்லை. "பூச்சாவது மாற்றமாவது" என்று நகைக்கும் படித்தவர்களும் எடை பார்ப்பதில்லை. நம்புகிறவரும் நகைக்கிறவரும் தராசைத் தொடாதவரை இருவரையும் நான் ஒரே பெஞ்சில்தான் உட்கார வைப்பேன்.

தராசைத் தொட்டவர்கள் இருந்திருக்கிறார்கள். பிரிட்டனில் பி.பி.சி. நிறுவனத்தின் ஆராய்ச்சித் துறையினர் காகிதத்தின் நிலையாமையால் சலித்துப்போய், பெக்ஸ்ட்ரீன் என்னும் பாலிஸ்டைரீன் வகைப் பிளாஸ்டிக்கில் கூம்பு செய்வித்தார்கள். ஒன்றைப்போல் ஒன்று வார்க்க அது உதவியது. ஆனால் அதிர்வைத் தணிக்கும் குணம் அதற்குப் போதவில்லை. ஆகவே அதன்மேல் தணிப்புப் பூச்சு ஒன்று பூசப்பட்டது. 1970களில் உருவான அவர்களுடைய புகழ்பெற்ற எல்.எஸ்.3/5ஏ என்னும் சிறு பெட்டியில் இருந்ததும் பூச்சிட்ட பெக்ஸ்ட்ரீன் கூம்பே. பின்னர், இயல்பிலேயே தணிக்கும் குணம் மிகுந்த பாலிபுரொப்பிலீன் வந்ததும் பூச்சின் தேவை குறைந்தது. பூசத் தொடங்கியதற்கும் காரணம் இருந்தது, குறைத்ததற்கும் காரணம் இருந்தது.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் மிருதங்கத்தின் வலந்தலையில் இருக்கும் கறுப்பு வட்டம் என்ன? கல்பொடியும் சோறும் குழைத்து, கை விரலால் அப்பி, கல்லால் தேய்த்து, உலர்த்தி, மறுபடி அப்பி, அடுக்கடுக்காக ஏற்றிய எடை. வெறும் தோலைத் தட்டினால் அதன் மேற்சுரங்கள் அடிப்படைச் சுரத்தோடு முழு எண் விகிதத்தில் நிற்கா. அதனால்தான் சாதாரண மேளத்தில் சத்தம் கேட்கிறதே ஒழியச் சுருதி கேட்பதில்லை. நடுவில் எடை ஏற்றிய தோல் இசைச் சுரங்களைத் தருகிறது என்பதைச் சர் சி.வி. இராமன், சிவகாளி குமாருடன் சேர்ந்து 1920இல் 'நேச்சர்' இதழில் எழுதினார். 1934இல் மீண்டும் இதையே விரிவாக ஆராய்ந்து, அதிரும் தோலின்மேல் மணல் தூவி, ஒன்பது அதிர்வு முறைகள் ஐந்து சுரங்களாக ஒன்றுகூடுவதைக் காட்டினார். திருச்சியில் பிறந்த அந்த மேதை மிருதங்கம் செய்பவரின் விரலைப் பார்த்து நகைக்கவில்லை. அந்த விரல் அறிந்ததை எண்ணாக மாற்ற முனைந்தார். என் தந்தையாரின் தூரிகைக்கும் அந்த மரியாதை கிடைக்குமா என்ற ஆசையில்தான் இரண்டாமாண்டுத் தொடக்கத்தில் துறைப் பேராசிரியர் ஒருவரிடம் போய் நின்றேன். "மாலை நாலு மணிக்கு மேல் அலையியற்றியை எடுத்துக்கொள். உடைத்தால் நீதான் கட்டவேண்டும்" என்றார். அதற்குமேல் என்ன வேண்டும்?

எங்கள் கடையில் ஆயுளை முடித்துக்கொண்ட எட்டு அங்குல ஒலிபெருக்கி ஒன்றுக்கு அப்பா கோன் மாற்றித் தந்தார். அலையியற்றியோடு ஆயிரம் ஓம் மின்தடை ஒன்றைத் தொடராக இணைத்து, ஒலிபெருக்கியின் முனைகளில் மின்னழுத்தத்தை அளந்தோம். அதிர்வெண்ணை மெல்லக் கூட்டிப்போனால் ஓரிடத்தில் மின்னழுத்தம் உச்சத்துக்கு ஏறி இறங்கும், அதுவே ஒத்ததிர்வு. 78 ஹெர்ட்ஸ் வந்தது. பிறகு பிள்ளைகள் விளையாடும் செயற்கைக் களிமண் 5 கிராம் எடுத்து, கழுத்தைச் சுற்றிச் சமமாக ஒட்டி மீண்டும் பார்த்தோம்: 69 ஹெர்ட்ஸ். ஒத்ததிர்வு எண் நிறையின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதம் என்பது நாம் அறிந்தது. கணக்குப் போட்டால் அசையும் பகுதியின் நிறை 18 கிராம். கூம்பைப் பிய்க்காமல் எடை போட்டுவிட்ட அன்று எனக்கு உண்டான களிப்பைத் தேர்வு மதிப்பெண் எதுவும் தந்ததில்லை.

அடுத்து ஃபெவிகாலும் தண்ணீரும் சரிபாதி. பூச்சின் எடையைத்தான் எப்படி அறிவது? முழு ஒலிபெருக்கி நகைத் தராசில் ஏறாது. ஆகவே கிண்ணத்தையும் தூரிகையையும் சேர்த்துப் பூசுமுன் எடை, பூசியபின் எடை. அதே கலவையைத் தனியாக ஓர் அட்டையில் தடவி, உலருமுன்னும் உலர்ந்தபின்னும் நிறுத்து, நீர் போக எவ்வளவு நிற்கிறது என்று கண்டோம். எங்கள் கலவையில் 5 கிராம் ஈரப் பூச்சு உலர்ந்தால் 1.2 கிராம். அப்படியானால் ஒத்ததிர்வு 75.5க்கு இறங்கவேண்டும் என்று கணக்கு சொன்னது. மறுநாள் மாலை 75க்கும் 76க்கும் நடுவில் வந்து நின்றது. அதே நிறை ஓசையின் அளவை அரை டெசிபலுக்குச் சற்று மேல் குறைக்கவேண்டும் என்பதும் கணக்கே. பூச்சுக்கு விலை உண்டு; அந்த விலை ஓசையில் கழிகிறது என்பதை விற்பவர்கள் சொல்வதில்லை.

செவியின் சோதனைதான் என்னைக் குழப்பியது. இன்னொரு ஒலிபெருக்கியில் கட்டங்கள் இட்டு, இடாத ஒன்றையும் பக்கத்தில் வைத்து, திரைக்குப் பின்னால் நண்பர் மாற்றி மாற்றி ஒலிக்கச் செய்ய, எது எது என்று நான் சொல்லவேண்டும். பன்னிரண்டு முறையில் பதினொன்று சரி! குதித்தேன். பேராசிரியர் ஒரே கேள்வி கேட்டார்: "வர்ணம் இடுவதற்கு முன் இரண்டும் ஒன்றுபோல் ஒலித்தனவா?" அளந்து பார்த்திருக்கவில்லை. கட்டங்களே இடாத ஒரே வகைப் புதுக் கோன்கள் இரண்டை வைத்துச் சோதித்தேன். அப்போதும் பத்து முறை கண்டுபிடித்தேன். கைவினைக் கோன்கள் இரட்டைப் பிள்ளைகளானாலும் முகம் வேறுதான். பின்னர் ஒரே ஒலிபெருக்கியை முன்னும் பின்னும் அலைபேசியில் பதிவு செய்து, அப்பதிவுகளைத் திரைமறைவில் கேட்டபோது பன்னிரண்டில் ஏழு. காசைச் சுண்டினாலும் ஆறு வரும். இதனால் அந்தக் கட்டங்கள் பயனற்றவை என்று நான் தீர்ப்புக் கூறவில்லை. அலைபேசியின் செவி மட்டமானது, என் செவியும் பழகாதது. ஆனால் மனம் விரும்பியதைச் செவி கேட்கும் என்பதை என் மேனியிலேயே கண்டுகொண்டேன்.

செய்ய விரும்புகிறவர்களுக்குக் கருவிகளைப் பற்றிச் சொல்லாமல் போவது நியாயமாகாது. நூற்றில் ஒரு பங்கு கிராம் காட்டும் சிறு நகைத் தராசு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. எல்லாவற்றுக்கும் முன்னால் வாங்கவேண்டியது அதுவே. தூரிகை, பள்ளிப் பிள்ளைகளுக்கான கடையில் விற்கும் அரை அங்குலத் தட்டைத் தூரிகை போதும். முடி உதிராததாகப் பார்த்து, வாங்கியதும் வெந்நீரில் அலசி இழுத்துப் பார்க்கவேண்டும், ஏனெனில் பசையோடு ஒட்டிக்கொண்ட முடியை எடுக்கப்போய்க் கோனைக் கிழித்தவர்கள் உண்டு. வர்ணம் நீரில் கரையும் அக்ரிலிக். தின்னர் வேண்டாம், காரணத்தை மேலே சொல்லிவிட்டேன். கோன், காயில் வகைகள் சென்னை ரிச்சி தெருவிலிருந்து பார்சலில் வருகின்றன. மையில் தோய்த்து எழுதும் எஃகு முனைகள் எங்கள் ஊரில் கிடைக்கவே இல்லை. இதற்கு என் தங்கை ஒரு வழி கண்டாள். மருதாணி இடும் பிளாஸ்டிக் கூம்பில் அக்ரிலிக்கை நிரப்பி, நுனியை ஊசிமுனை அளவு வெட்டி, அவள் இட்ட கட்டங்கள் என் மைக்கோல் கட்டங்களைவிடச் சீராயிருந்தன. தினம் வாசலில் புள்ளி வைக்கும் கை அல்லவா?

சீராகப் பூசுவதற்கு அப்பா செய்து தந்த சுழல்பலகையைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். பழைய மின்விசிறியின் பேரிங் ஒன்றின்மேல் வட்டப் பலகை, அதன்மேல் ஒலிபெருக்கி. தூரிகையை அசைக்காமல் பிடித்துக்கொண்டு பலகையைச் சுழற்றினால், குயவர் சக்கரத்தில் கோடு விழுவதுபோல் வர்ணம் விழுகிறது. கோனின் உள்வட்டத்துக்குத் தக்கபடி தாள் வெட்டி, கோணமானியால் பத்துப் பாகைக்கு ஒரு கோடு வரைந்து வைத்துக்கொண்டால் முப்பத்தாறு கட்டங்களும் பிசகாது. ஒவ்வொரு கைக்கும் இடையில் ஒரு முழு இரவு உலரவேண்டும். மழைக்காலமானால் இரண்டு.

இப்போது என் கோரிக்கை. நம் செய்முறைத் தேர்வில் மெல்டே கம்பி, சுரமானி, ஒத்ததிர்வுக் குழாய் என்று செய்கிறோம். விடை முன்கூட்டியே தெரிந்த சோதனைகள். பழைய பதிவேட்டைப் பார்த்தால் அளவீடுகளும் தெரிந்துவிடும்! அவை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவற்றோடு ஒன்றாக, ஒவ்வொரு மாணவரும் தம் வீட்டுத் தொழிலிலிருந்தோ தெருத் தொழிலிலிருந்தோ ஒரு கேள்வியைக் கொண்டுவந்து அளந்து பார்க்க ஓர் அரைநாள் ஒதுக்கவேண்டும் என்பது என் கருத்து. நம் வகுப்பில் செங்கல் சூளையிலிருந்து வருகிறவர் இருக்கிறார். தறி ஓட்டும் வீட்டுப் பெண் இருக்கிறார். அவர்களும் 'பிசினஸ்' என்ற சொல்லுக்குள் ஒளிந்திருக்கக் கூடும். "பாடத்திட்டத்தில் இடமில்லை" என்று ஆசிரியர்கள் கூறலாம். அந்தச் சங்கடம் எனக்குப் புரிகிறது. எனக்கு அனுமதி தந்தவரும் பாடத்திட்டத்தைப் பார்த்துத் தரவில்லை, கடிகாரத்தைப் பார்த்துத் தந்தார்.

அப்பாவின் "ஓரத்துல போடு, நடுவுல போடாத" என்னும் வாக்கியம் இன்னும் பாக்கி. நடுவில் பூசினால் எடைதான் ஏறும். ஓரத்தில் பூசினால் விளிம்பிலிருந்து திரும்பும் அலையைப் பூச்சு விழுங்கக்கூடும் என்பது என் ஊகம். 1.2 கிராமை ஒரு கோனில் கழுத்தருகிலும் இன்னொன்றில் விளிம்பிலும் இட்டு, முன்னும் பின்னும் அளந்து பார்க்க இரண்டு கோன்கள் தயாராகிவிட்டன. அவை ஆய்வகத்தில் ஜன்னலோர அலமாரியின் கீழ்த்தட்டில், செய்தித்தாள் சுற்றி இருக்கின்றன. புதன்கிழமை நாலு மணிக்குத் தொடங்குகிறோம். திரைக்குப் பின்னால் நின்று மாற்றி விட ஆள் தேவை. செவி கூர்மையானவர்கள் இந்தப் பக்கம் உட்காரலாம். அப்பாவையும் அழைத்திருக்கிறேன். கடையைச் சாத்திவிட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.